வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் செல்லப் பிராணிகள்: மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

மாலை ஆறு மணிக்கு முதல் வெடி. ஆறேகாலுக்கு நான் மருந்து கேட்டு ஒவ்வொருவருக்காகப் போன் போட ஆரம்பித்தேன். ஏழரைக்குத்தான் ஒரு மாத்திரை கைக்கு வந்தது. எட்டு மணிக்கு எங்கள் நாய் பிளாக்கி தரையோடு தரையாகப் படுத்துவிட்டான். "அப்பாடா, தூங்கிட்டான்" என்று வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவப் போனபோதுதான் கவனித்தேன். கண் பாதி திறந்திருந்தது. வெளியே ஒவ்வொரு வெடிக்கும் காது மடல் பின்னால் இழுத்துக்கொண்டது. முன்னங்கால் நகங்கள் தரையைப் பிறாண்டப் பார்த்தன. எழுந்து ஓடத்தான் முடியவில்லை. அவன் தூங்கவே இல்லை. பயம் முழுசாக உள்ளே இருக்க, உடம்பை மட்டும் கட்டிப் போட்டிருந்தேன்.

அந்த இரவுக்குப் பிறகு அவன் பயம் இன்னும் கூடியது. கதவை அடித்துச் சாத்தினாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அதிலிருந்து மீட்க எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்தது. நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பெரும்பாலான வேலை வெடி வெடிக்கும் நாளுக்கு மூன்று மாதம் முன்னாலேயே தொடங்குகிறது. உங்களிடம் ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் 3, 4, 5, 7, 8 ஆகிய படிகளுக்கு நேராகப் போய்விடுங்கள். மற்றவற்றை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் பயத்தைப் பதிவு செய்யுங்கள்

"எங்கள் நாய்க்குக் கொஞ்சம் பயம்" என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. ஒரு நோட்டை எடுத்து மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எந்தச் சத்தத்துக்கு என்ன செய்கிறது, எவ்வளவு நேரம் செய்கிறது, சத்தம் நின்ற பிறகு சாப்பிட எவ்வளவு நேரம் ஆகிறது. இந்த மூன்றாவதுதான் முக்கியம். ஐந்து நிமிடத்தில் வந்து தட்டை நக்கும் நாய்க்கும், மறுநாள் மதியம் வரை தண்ணீர்கூடத் தொடாத நாய்க்கும் ஒரே வைத்தியம் பொருந்தாது.

நடுக்கமும் ஓட்டமும் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போகிற அறிகுறிகள்தான் அதிகம். காரணமில்லாமல் திரும்பத் திரும்பக் கொட்டாவி, உதட்டை நக்குவது, வெயிலோ ஓட்டமோ இல்லாமல் மூச்சிரைப்பது, எச்சில் ஒழுகுவது, உங்கள் காலைவிட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது, இருட்டிய பிறகு வெளியே வர மறுப்பது. பூனை சத்தமே போடாது. கண்மணி அகலமாக விரியும், உடம்பைத் தரையோடு ஒட்டிப் பதுங்கும். பல வீடுகளில் "எங்கள் பூனைக்குப் பயமே இல்லை, எங்கேயோ போய்த் தூங்குகிறது" என்கிறார்கள். அலமாரிக்குப் பின்னால் ஆறு மணி நேரம் அசையாமல் கிடப்பதற்குப் பெயர் தூக்கம் இல்லை.

முடிந்தால் செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவரின் அறையில் நாய் வேறு மாதிரி நடந்துகொள்ளும். வீட்டில் நடப்பதை அவர் பார்க்க வேறு வழியில்லை.

2. எட்டு வாரம் முன்னதாகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்

முந்தின நாள் போகாதீர்கள். அன்று அவருக்கும் நேரம் இருக்காது, உங்களுக்கும் தேர்வு இருக்காது. எட்டு வாரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தினசரி கொடுக்கும் மருந்து தேவைப்பட்டால் அது வேலை செய்யவே நான்கு முதல் ஆறு வாரம், சில சமயம் எட்டு வாரம்கூட ஆகும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: தடுப்பூசி அட்டை, கடைசியாக எடுத்த எடை, இப்போது கொடுக்கும் எல்லா மருந்துகளின் பெயர் (பூச்சி மருந்து, சத்து மாத்திரை உட்பட), பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கை இருந்தால் அது, உங்கள் நோட்டு, வீடியோ. வயதான பிராணி என்றால் கல்லீரல், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் மருந்து எழுதத் தயங்குவார்கள். அந்த ரத்தப் பரிசோதனைக்கும் அறிக்கைக்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள்.

இன்னொன்றையும் நீங்களே கேட்க வேண்டும்: "இதற்கு எங்காவது வலி இருக்கிறதா?" இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களை எடுத்துப் பார்த்ததில், மூட்டு, தசை வலி இருந்த நாய்களுக்கு இந்தப் பயம் மற்றவற்றைவிடச் சராசரியாக நான்கு வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. சத்தத்துக்குத் திடுக்கிட்டு உடம்பு இறுகும்போது வலிக்கிறது. வலியோடு சத்தம் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. ஆகவே, இத்தனை வருடம் பேசாமல் இருந்த நாய் ஆறு ஏழு வயதில் திடீரென்று வெடிக்குப் பயந்தால், முதலில் இடுப்பையும் முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கு வைத்தியம் பார்க்காமல் பயத்துக்கு மட்டும் பார்த்தால் பலன் அரைகுறைதான்.

3. மருந்து: எதைக் கேட்பது, எதை மறுப்பது

அன்று நான் கொடுத்தது அசிப்ரோமசின். அது உடம்பை அடக்கும், பயத்தைத் தணிக்காது. சில பிராணிகளுக்குச் சத்தத்தின் மீதான கூச்சத்தை அதிகமாக்கவும் செய்யும். அதனால்தான் வெடிப் பயத்துக்கு அதை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று நடத்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். "மயக்க மாத்திரை" என்று பொதுவாகக் கேட்டால் இதுதான் கையில் வரக்கூடும். "பதற்றத்தைக் குறைக்கிற மருந்து வேண்டும், வெறுமனே மந்தமாக்குகிற மருந்து வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த இரவு அப்படிப் போயிருக்காது.

பதற்றம் குறைக்க மருத்துவர்கள் எழுதுகிற மருந்துகளில் சில: டிராசடோன், கபாபென்டின், அல்பிரசோலாம். இவை பொதுவாகச் சத்தம் தொடங்குவதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். நடுங்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பாதிப் பலன்கூட இருக்காது. சத்தப் பயத்துக்கென்றே அனுமதி பெற்ற மருந்துகளும் உண்டு. டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல்லுக்கு அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது. அதைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தடவ வேண்டும். விழுங்கிவிட்டால் வேலை செய்யாது. தடவும்போது கையுறை கட்டாயம். எல்லா நாடுகளிலும் எல்லா மருந்தும் கிடைப்பதில்லை. உங்கள் மருத்துவரிடம் எது இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருடம் முழுக்கச் சின்னச் சத்தத்துக்கும் நடுங்கும் பிராணிக்கு ஃபுளூவாக்செடின், குளோமிபிரமின் போன்ற தினசரி மருந்துகள் வரும். வாரக்கணக்கில் நேரம் எடுப்பவை இவைதான்.

இதில் நான் பார்த்த பொறிகள் மூன்று.

ஒன்று, ஒத்திகை பார்க்காமல் இருப்பது. மருந்து கைக்கு வந்ததும் வெடி இல்லாத ஓர் அமைதியான நாளில், வீட்டில் ஆள் இருக்கும்போது, ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். அல்பிரசோலாம் வகை மருந்துகள் சில நாய்களை அமைதிப்படுத்துவதற்குப் பதிலாகக் கிளறிவிடும். அளவு கூடினால் தள்ளாட்டம் வரும். எவ்வளவு நேரத்தில் வேலை செய்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நோட்டில் எழுதி, மருத்துவரிடம் சொல்லி அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். இதற்காகவே இரண்டு வாரம் தேவை.

இரண்டு, மனிதர்களுக்கான மருந்தை அப்படியே எடுத்துக் கொடுப்பது. மனிதர்களுக்கான கபாபென்டின் திரவ மருந்துகள் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருக்கும். அது நாய்க்கு விஷம். ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பயங்கரமாகக் குறைத்துவிடும், கல்லீரலையும் கெடுக்கும். பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்காமல் ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள்.

மூன்று, "மருந்து கொடுத்தால் பழகிவிடும், இந்த முறை சமாளிக்கட்டும்" என்று விடுவது. கடுமையாகப் பயப்படும் பிராணி ஒவ்வொரு முறையும் அந்தப் பயத்தை இன்னும் ஆழமாகக் கற்றுக்கொள்கிறது. ஒரு மோசமான இரவைத் தடுப்பது, அடுத்த வருடத்துக்கும் சேர்த்துச் செய்கிற வைத்தியம்.

4. தொலைந்துபோனால் கண்டுபிடிக்கத் தேவையான ஆவணங்கள்

பயந்த நாய்க்கு மதில் பெரிதில்லை. வழக்கமாகத் தாண்டாத சுவரை அன்று தாண்டும். திசை தெரியாமல் ஓடும், கூப்பிட்டால் திரும்பாது. அதனால் இந்த வேலையை ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் சின்ன அடையாளச் சில்லு) இருந்தால் அதன் 15 இலக்க எண்ணை நோட்டில் எழுதுங்கள். பலர் சிப் போட்டதோடு நிறுத்திவிடுகிறார்கள். சிப்பில் உங்கள் போன் எண் இருக்காது; வெறும் எண்தான் இருக்கும். அந்த எண்ணோடு உங்கள் பெயரும் தொலைபேசியும் ஒரு பதிவேட்டில் சேர்ந்திருந்தால்தான் பயன். நாங்கள் போன் எண்ணை மாற்றி மூன்று வருடம் ஆகியும் பதிவேட்டில் பழைய எண்தான் கிடந்தது. திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சிப் இருந்தால் வரைபடத்தில் தேடலாம் என்று நினைப்பதும் தவறு. அதற்கென்ற கருவியை உடம்பின் அருகே பிடித்தால்தான் எண் தெரியும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தக் கருவியைப் பிடித்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் சிப் தோளுக்கு நகர்ந்திருக்கும்.

கழுத்துப்பட்டையில் போன் எண் பொறித்த தகடு, இடப்பக்கமும் வலப்பக்கமும் முகமும் தெரிய மூன்று புகைப்படங்கள், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சத்தின் குறிப்பு, உங்கள் ஊரில் உரிமம் தேவை என்றால் அது. எல்லாவற்றையும் செல்போனில் ஒரே இடத்தில் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். வெடி இல்லாத இடத்தில் காப்பகத்தில் விடும் எண்ணம் இருந்தால், அவர்கள் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டுச் சில நாள் ஆகியிருக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும்.

5. பதுங்க ஓர் இடம்

இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். சத்தம் கேட்டால் அது எங்கே போகிறது என்று பாருங்கள். அங்கேயே அமைத்துக் கொடுங்கள். பிளாக்கிக்கு நான் வாங்கிய மெத்தையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குளியலறை வாசலில், மடித்துப் போட்ட என் பழைய சட்டை மேல்தான் படுத்தான். இரண்டாவது வருடம் அந்த இடத்தையே மூன்று பக்கமும் போர்வை தொங்கவிட்டுக் குகை மாதிரி செய்தோம்.

சன்னல் இல்லாத, வீட்டின் நடுவில் உள்ள இடம் நல்லது. போர்வை, மெத்தை போன்ற கனமான துணிகள் சத்தத்தை ஓரளவு உறிஞ்சும். காற்று வர வேண்டும்; மூச்சிரைக்கும் நாயை மூடிய சின்ன அறையில் வைத்தால் உடல் சூடு ஏறிவிடும். தண்ணீர் அங்கேயே இருக்கட்டும். கதவு திறந்தே இருக்கட்டும்: போகவும் வரவும் அதன் விருப்பம். கூண்டில் இருந்து பழகாத நாயைக் கூண்டில் போட்டுப் பூட்டினால், கம்பியைக் கடித்துப் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். சங்கிலியில் கட்டிப்போடுவது அதைவிட ஆபத்து.

இந்த இடத்தைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே தயார் செய்து, தினமும் ஏதாவது தின்பண்டத்தை அங்கே போட்டுவையுங்கள். அன்று மாலை திடீரென்று அமைத்தால் அதுவே ஒரு புதுப் பயம்.

6. ஒலிப்பதிவுப் பயிற்சி

பன்னிரண்டு வாரம் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். வெடிச் சத்தத்தின் பதிவை, உங்கள் காதுக்கே கேட்குமா கேட்காதா என்கிற அளவில் வையுங்கள். நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், பூனையின் காது அதற்கும் மேலே, நமக்கு 20,000தான். உங்களுக்கு மெல்லிய சத்தம் அதற்கு மெல்லிய சத்தம் அல்ல. ஐந்து நிமிடம், நடுநடுவே நல்ல தீனி. ஓரிரு நாள் எந்தச் சலனமும் இல்லாமல் இருந்தால் மட்டும் ஒரு புள்ளி கூட்டுங்கள். காதைத் திருப்பிக்கொண்டு தீனியை விட்டால், இரண்டு புள்ளி குறையுங்கள்.

அவசரப்பட்டால் நேர்மாறாகும். "நன்றாகக் கேட்கட்டும், தானாகப் பழகிவிடும்" என்று முழுச் சத்தத்தில் வைப்பது பயத்தைத்தான் பழக்கும். உண்மை வெடிகள் தொடங்கப்போகிற காலத்தில் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: வீட்டு ஸ்பீக்கரில் அந்த அடிவயிற்றை உலுக்கும் அதிர்வும், வெளிச்சமும், புகை வாடையும் வராது. பதிவுக்குப் பயப்படாத நாய் உண்மை வெடிக்கும் பயப்படாது என்று எண்ணி மற்ற படிகளை விட்டுவிடாதீர்கள். இடிச் சத்தத்துக்கும் இதே சங்கடம்தான், இன்னும் கூடுதலாக. மழைக்கு முந்தைய காற்றும் மின்னலும் இருட்டும் சேர்ந்துதான் அந்தப் பயம்.

குட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வேலை சுலபம். நாய்க்குட்டிக்கு ஏறக்குறைய 3 முதல் 14 வாரம், பூனைக்குட்டிக்கு 2 முதல் 7 வாரம் வரை உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம். அப்போது சின்னச் சத்தங்களை விளையாட்டோடும் தீனியோடும் சேர்த்துக் காட்டினால் பின்னால் இவ்வளவு பாடு இருக்காது.

7. சத்தம் முன்னால், தீனி பின்னால்

முழுக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபானி ரீமர் 1,225 நாய் வளர்ப்பவர்களிடம் என்னென்ன பலன் தந்தது என்று கேட்டு 2020இல் வெளியிட்டார். சத்தம் கேட்டதும் உடனே தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பலன் இருந்ததாகச் சொன்னார்கள். கேட்டவுடன் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். செய்துபார்த்தால் எத்தனை விதமாகத் தப்பாகும் என்று தெரியும்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். வெடி ஆரம்பிக்கப்போகிறது என்று தெரிந்ததும், பிளாக்கியைத் தைரியப்படுத்த முன்கூட்டியே டப்பாவைத் திறந்து கோழித் துண்டு கொடுத்தேன். அவன் மெல்லும்போது வெடித்தது. மறுபடி கொடுத்தேன், மறுபடி வெடித்தது. மூன்றாம் நாள் டப்பாவின் மூடி 'டிக்' என்று திறக்கும் சத்தத்துக்கே அவன் பின்வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போனான். கோழித் துண்டு வந்தால் அடுத்து வெடி வரும் என்று கற்றுக்கொண்டிருந்தான். நல்லதைக் கெட்டதன் முன்னறிவிப்பாக நானே ஆக்கிவிட்டேன்.

வரிசை மாறக் கூடாது. முதலில் சத்தம், ஓரிரு நொடிக்குள் தீனி. சத்தம் இல்லாவிட்டால் தீனி இல்லை. நீங்கள் டப்பாவை நோக்கிக் கை நீட்டுவதுகூடச் சத்தத்துக்குப் பிறகுதான். தீனி சாதாரணமானதாக இருக்கக் கூடாது. வேறு எந்த நாளிலும் கிடைக்காத, வாயில் போட்டதும் கரைகிற சின்னச் சின்னத் துண்டுகள். பட்டாணி அளவு போதும்; ஓர் இரவில் நூறு முறை கொடுக்க வேண்டியிருக்கும். உட்கார், கை கொடு என்றெல்லாம் கேட்காதீர்கள். நடுங்கிக்கொண்டிருந்தாலும் குரைத்தாலும் கொடுங்கள். பயத்துக்குப் பரிசு கொடுப்பதாக ஆகிவிடாது. பயம் ஓர் உணர்ச்சி, தீனிக்காக யாரும் பயப்படுவதில்லை. அணைத்துத் தடவினால் பயம் வளரும் என்பதும் அதே வகைத் தவறான நம்பிக்கைதான். அது உங்களிடம் வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். ஒதுங்கிப் படுத்தால் விட்டுவிடுங்கள்.

தீனியை மோந்துகூடப் பார்க்கவில்லை என்றால் பயம் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். அப்போது வாயில் திணிக்காதீர்கள். பதுங்கிடத்துக்குப் போகவிடுங்கள், மூன்றாம் படியில் சொன்ன மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மருந்தின் உதவியோடு சாப்பிடும் நிலைக்கு வந்துவிட்டால், இந்தப் பயிற்சி தானே பிடித்துக்கொள்ளும்.

தொலைவில் கேட்கும் ஒற்றை வெடியிலிருந்தே தொடங்குங்கள். வாரக்கணக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்குமே, அவைதான் உண்மையான பாடங்கள். அதற்காகவே வீட்டில் மூன்று இடங்களில் மூடிய டப்பா வைத்திருந்தோம். இரண்டாவது வருட முடிவில் ஒரு நாள், எங்கோ ஒரு வெடி கேட்டதும் பிளாக்கி எழுந்து சமையலறைக்கு வந்து என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். வால் இன்னும் கீழேதான் இருந்தது. ஆனால் ஓடவில்லை, என்னிடம் வந்தான்.

8. அந்த நாள்

பகலிலேயே நீண்ட நடை. இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மலஜலம் முடித்து உள்ளே வந்துவிட வேண்டும். அன்று கழுத்துப்பட்டை மட்டும் போதாது. மார்பில் மாட்டும் ஹார்னஸும் கழுத்துப்பட்டையும் சேர்த்து இரண்டிலும் கயிறு கோத்துப் பிடியுங்கள். பயந்து பின்னால் இழுக்கும் நாய் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளும். அது ஒரு நொடி வேலை.

மருந்து இருந்தால் வெடி தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி அலாரம் வையுங்கள். சாப்பாட்டை வழக்கத்தைவிடச் சீக்கிரம், கொஞ்சம் குறைவாகக் கொடுங்கள். தீனிக்கு வயிற்றில் இடம் வேண்டும். திரைச்சீலைகளை இழுத்து, உள்ளே விளக்குகளைப் போட்டுவிடுங்கள். வெளியே மின்னும் வெளிச்சம் தெரியாது. மின்விசிறி, தாழ்ந்த சுருதியில் அடர்த்தியாக ஒலிக்கும் பாட்டு, இவை வெடிக்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கட்டும். வெடித்த பிறகு சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து மிரட்டும். காதுக்குள் பஞ்சைத் திணிக்காதீர்கள்.

வீட்டு ஆட்களில் ஒருவருக்குப் பிராணி மட்டுமே பொறுப்பு. விருந்தினர் வரும் வீடானால் வாசல் கதவுக்கும் பிராணி இருக்கும் அறைக்கும் நடுவில் இன்னொரு கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். ஓடிப்போன நாய்கள் பலவும் யாரோ ஒருவர் அரை நிமிடம் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் போயிருக்கின்றன.

9. பூனை, முயல், பறவை

பூனையை ஒளிந்த இடத்திலிருந்து இழுக்காதீர்கள். மாலைக்கு முன்பே உள்ளே அழைத்து, சன்னல்களைச் சாத்தி, மணல் தட்டையும் தண்ணீரையும் அது ஒளியும் இடத்துக்கு அருகே வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். எங்கள் சிட்டு துணி அலமாரியின் மேல்தட்டில்தான் இருப்பாள். அங்கே ஓர் அட்டைப்பெட்டி வைத்தோம், அவ்வளவுதான். ஆண் பூனை வைத்திருப்பவர்கள் அடுத்த இரண்டு மூன்று நாள் மணல் தட்டைக் கவனிக்க வேண்டும். பதற்றத்தால் சிறுநீர்ப்பை வீங்கி, பாதை அடைபட்டுவிடலாம். திரும்பத் திரும்பப் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது, உயிருக்கு ஆபத்து.

வெளியே கூண்டில் இருக்கும் முயலை உள்ளே கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் கூண்டுக்குள் வைக்கோலை நிறைய திணித்து, மேலே கனமான போர்வை போடுங்கள். முயலுக்குப் பயம் வந்தால் குடல் இயக்கம் நின்றுவிடலாம். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அவசரம்.

பறவைக் கூண்டை மூன்று பக்கம் மூடி, ஒரு சின்ன இரவு விளக்கு போட்டுவையுங்கள். முழு இருட்டில் திடுக்கிட்டால் கூண்டுக்குள்ளேயே பறந்து மோதி இறக்கையை முறித்துக்கொள்ளும். காக்கட்டீல் என்ற கொண்டைக் கிளி வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

10. செலவு

எந்தச் செலவு முதலில் என்று கேட்டால் என் வரிசை இது: மருத்துவரின் ஆலோசனை, வலிப் பரிசோதனை, பதற்ற மருந்து, ஹார்னஸ். அதற்குப் பிறகு கை நிறைய தின்பண்டம். பதுங்கிடத்துக்குக் காசே வேண்டாம்.

கடையில் முதலில் காட்டுவது வேறு. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டை, ஃபெரோமோன் கருவி (பிராணியை அமைதிப்படுத்தும் என்று சொல்லி ஒரு வேதிப்பொருளைக் காற்றில் பரப்புவது), மூலிகைச் சொட்டு, வாசனை எண்ணெய். மேலே சொன்ன அதே 2020 ஆய்வில் இறுக்கச் சட்டையால் பலன் கண்டதாகச் சொன்னவர்கள் 44 சதவீதம். ஃபெரோமோன், மூலிகை, சத்து மாத்திரை, ஹோமியோபதி ஆகியவற்றுக்கு 27 முதல் 35 சதவீதம்தான். வெறும் நம்பிக்கையால் வரும் பலனைவிட அது அதிகமில்லை என்பது ஆய்வாளரின் கருத்து. சட்டை வாங்குவதானால் பல நாள் முன்பே போட்டுப் பழக்குங்கள். உறைந்து நிற்கும் நாயை 'அமைதியாகிவிட்டது' என்று எண்ணிவிடாதீர்கள். நான் முதல் வருடம் இவை எல்லாவற்றையும் வாங்கினேன். அந்தப் பணத்தில் மருத்துவரிடம் மூன்று முறை போயிருக்கலாம்.

11. மறுநாள்

நாயை வெளியே விடுவதற்கு முன் நீங்கள் மட்டும் போய் முற்றத்தையும் வழக்கமான நடைபாதையையும் பாருங்கள். வெடிக்காத வெடி, எரிந்த குச்சி, காகிதச் சிதறல் எல்லாவற்றையும் பெருக்கி எடுங்கள். வண்ண ஒளிக்காகச் சேர்க்கும் பேரியம் போன்ற உலோகங்களும் ரசாயனங்களும் அவற்றில் மிச்சம் இருக்கும். நாய் மென்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம் வரும். தண்ணீர்ப் பாத்திரம் வெளியே இருந்தால் கொட்டிக் கழுவி நிரப்புங்கள்.

இரண்டு மூன்று நாள் புது இடம், புது ஆள், குளிப்பாட்டல், நகம் வெட்டல் எதுவும் வேண்டாம். கயிறு இல்லாமல் வெளியே விடாதீர்கள். மிச்சமிருக்கும் வெடியை யாராவது வெடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்கு முதலில் வாலை ஆட்டியது என்று நோட்டில் குறியுங்கள். மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், எப்போது தணிந்தது என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் போனால் மறந்துவிடும். இரண்டாம் நாளும் சாப்பிடவில்லை அல்லது ஒளிந்த இடத்தைவிட்டு வரவில்லை என்றால், அந்த நோட்டோடு மருத்துவரிடம் போங்கள்.